பயில்வான் பட்டுடுத்திய கதை

1980களில் சென்னையில் பையன்களாக இருந்தவர்களுக்கு வளர்ப்பு மீன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கண்ணாடித் தொட்டி அல்ல, காலி ஹார்லிக்ஸ் பாட்டில். லேபிளை ஊறவைத்துச் சுரண்டிய பாட்டில், முக்கால் பங்கு குழாய்த் தண்ணீர், அடியில் நாலு கூழாங்கல், நடுவில் தன்னந்தனியாக ஒரு ஃபைட்டர் மீன். மோட்டார் கிடையாது, ஃபில்டர் கிடையாது. மூடியில் ஆணியால் அடித்த ஓட்டைகள்தான் காற்று வசதி. தீனி என்பது சிமென்ட் தொட்டியில் இருந்து வடிகட்டி எடுத்த கொசுப்புழு. தண்ணீர் கலங்கினால் மாற்றுவார்கள், கலங்காவிட்டால் மறந்துவிடுவார்கள். அப்படியும் பல மீன்கள் ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தன.

இன்று அதே ஊரில் அதே மீனுக்கு 20 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், செடிகள், குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து, ஏசி அறையாக இருந்தால் ஹீட்டர். இலை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் படுக்கைகூட விற்கிறார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணாடியில் ஒட்டி வைத்தால் மீன் அதில் படுத்து இளைப்பாறும்.

சண்டைக்கென்றே பெயர் வாங்கிய மீனுக்குப் படுக்கை எதற்கு? இடையில் நடந்த மாற்றம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வளர்ப்பவருக்கு விவரம் கூடியிருக்கிறது, மீனுக்குத் தெம்பு குறைந்திருக்கிறது. அன்று மோசமான பாத்திரத்தில் திடமான மீன் இருந்தது. இன்று நல்ல தொட்டியில் நோஞ்சான் மீன் இருக்கிறது. இரண்டு மாற்றங்களும் ஒரே காலத்தில், ஒரே ஆர்வத்தின் பேரில்தான் நடந்தன.

வயலில் பிறந்தது

ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்தின் நடுச் சமவெளி. நெல் வயல், வாய்க்கால், புல் மண்டிய குட்டை என்று ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத, வெயிலில் சூடேறிக் கிடக்கும் தண்ணீர். அந்த மாதிரித் தண்ணீரில் பிராணவாயு குறைவு. அதைச் சமாளிக்க இந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. லேபிரிந்த் என்று பெயர். மீன் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி அதில் தேக்கிக்கொள்ளும். நம் ஊர்க் குளத்துப் பனையேறிக் கெண்டைக்கும் இதே ஏற்பாடுதான். மோட்டார் இல்லாத ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஃபைட்டர் பிழைத்துக் கிடந்தது இதனால்தான். ஆனால் இந்த வசதியில் ஒரு கட்டாயமும் சேர்ந்தே வருகிறது. மீன் அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். மேற்பரப்பை எட்ட முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வயல் ஃபைட்டரைப் பார்த்தால் இதற்காகவா இத்தனை பேச்சு என்று தோன்றும். வால் நுனி வரை அளந்தாலும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். பழுப்பு உடல், குட்டையான துடுப்பு, குட்டையான வால். கோபம் வந்தால்தான் செதில்களில் பச்சையும் நீலமும் மினுங்கும். தனக்கென்று ஒரு சிறு இடத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஆண் அங்கே நுழைந்தால் விரட்டும். வந்தவன் சற்று நேரத்தில் விலகிப் போய்விடுவான். வயலில் ஓட இடம் இருக்கிறது, சண்டை அதோடு முடியும்.

அந்த ஓடும் வழியை அடைத்தவன் மனிதன். இரண்டு ஆண்களை ஒரே ஜாடியில் விட்டுப் பந்தயம் கட்டினான். ஜெயித்ததை வைத்து இனம் பெருக்கினான். 2022இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த மரபணு ஆய்வு, இந்த மீனை மனிதர் வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்று கணக்கிடுகிறது. உலகத்தில் வேறெந்த வண்ணமீனையும் அழகுக்காக வளர்ப்பதற்கு முன்னால் பலத்துக்காக இத்தனை காலம் வளர்த்ததாகத் தெரியவில்லை. வயல் மீன்கள் சில நிமிடங்களில் முடித்துக்கொள்ளும் சண்டையை, பந்தய மீன்கள் மணிக்கணக்கில் போட்டன. தடித்த செதில், அகன்ற தாடை, குட்டை வால் உள்ளவைதான் அதற்குத் தேறின. நீண்ட வால் எதிரியின் வாயில் அகப்படும் என்பதால் அதை யாரும் வளர்க்கவில்லை.

அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தில் இந்தப் பந்தயங்களுக்கு அரசு உரிமம் கொடுத்து வரி வசூலித்த காலம் ஒன்று இருந்தது. 1840இல் அரசரிடம் இருந்த மீன்களில் சில, வங்காள மருத்துவப் பணியில் இருந்த தியோடர் கேன்டர் என்ற டாக்டரின் கைக்கு வந்தன. அவர் 1849இல் அதை விவரித்து எழுதினார். அவர் வைத்த பெயர் அதன் நெருங்கிய உறவான வேறொரு மீனுக்கு உரியது என்று பிறகு தெரியவந்தது. லண்டனில் இருந்த மீனியலாளர் சி. டேட் ரீகன் 1910இல் பீட்டா ஸ்ப்ளெண்டன்ஸ் என்ற பெயரைக் கொடுத்தார். ஆக, சண்டைக்கார மீனை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய முதல் எழுத்து, இந்தியாவில் வேலை பார்த்த டாக்டர் ஒருவருடையது.

வால் வளர்ந்த வரலாறு

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன பிறகு இந்த மீனுக்கு வேலை மாறியது. அங்கே பந்தயம் இல்லை, வரவேற்பறைதான் இருந்தது. பலத்துக்குப் பதில் நிறமும் வாலும் விலைபோயின. முதலில் வந்தது வெயில்டெயில், கீழ்நோக்கித் தொங்கும் நீள வால். ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாம் வளர்த்ததும் பெரும்பாலும் இதன் வழிவந்த மீன்தான். 1960களில் அமெரிக்காவின் வாரன் யங் இன்னும் நீளமான துடுப்புள்ள வகையை உருவாக்கினார். 1966இல் சர்வதேச பீட்டா காங்கிரஸ் தொடங்கியபின் கண்காட்சியும் மதிப்பெண்ணும் வந்தன. எந்த வால் எத்தனை பாகை விரிய வேண்டும் என்று எழுதப்பட்ட விதிகளும் கூடவே வந்தன.

விதி வந்ததும் வால் அந்த விதியை நோக்கி வளர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கி 1990களில், அமெரிக்க, ஐரோப்பிய ஆர்வலர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஹாஃப்மூனைக் கொண்டுவந்தார்கள். வால் 180 பாகை விரிந்து சரியான அரைவட்டமாக நிற்க வேண்டும். 1990களின் இறுதியில் இந்தோனேசியாவில் இருந்து கிரவுன்டெயில் வந்தது. அதில் சவ்வு பின்வாங்கி, வால் முட்கள் மட்டும் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு மார்புத் துடுப்பு பெருத்த டம்போ, செதில் முழுக்கத் தகடு போர்த்திய டிராகன், இரண்டாகப் பிரிந்த வால், திட்டுத் திட்டாக நிறம் கொண்ட கோய், சாதாரண மீனைவிடப் பெரிய ஜயன்ட். பந்தயக் களத்துப் பயில்வானுக்குத் தரையைக் கூட்டும் பட்டு முந்தானையை உடுத்திவிட்டார்கள்.

பட்டின் விலையை உடல் கொடுத்தது. ஹாஃப்மூன் வாலுக்கு ஒவ்வொரு முள்ளும் நுனியில் மேலும் மேலும் கிளைபிரிய வேண்டும். கிளை அதிகமானால் வால் கனக்கும். கனம் தாங்காத மீன் தன் வாலையே கடித்துத் துண்டாக்கிக்கொள்வதை வளர்ப்பவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். டிராகன் மீனின் தடித்த செதில் சிலவற்றில் கண்ணின் மேலும் படர்ந்து பார்வையை மறைக்கும். அந்தக் குறைக்குச் சந்தையில் டைமண்ட் ஐ என்று அழகான பெயர். இரட்டை வால் மீன்களுக்கு உடல் குறுகிப்போவதால் நீச்சல் சமநிலை கெடும்.

லேபிரிந்தை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். மீன் மேலே வந்தே ஆக வேண்டும். குட்டை வால் மீனுக்கு அது ஒரு சுண்டு. முந்தானை மீனுக்கோ ஒவ்வொரு மூச்சும் ஏற்றம். அதனால்தான் நீர்மட்டத்துக்கு அருகில் படுக்கை. நாம் ஏற்றிய பாரத்துக்கு நாமே கண்டுபிடித்த சுமைதாங்கிதான் அந்தப் பிளாஸ்டிக் இலை.

கோய், மார்பிள் வகைகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. இவற்றின் நிறம் நிலைப்பதில்லை. மரபணுவில் இடம் தாவும் ஒரு துண்டு இதற்குக் காரணம். வாங்கும்போது வெள்ளையில் சிவப்புத் திட்டு, மூன்று மாதத்தில் பாதி உடம்பு நீலம். கடையில் ஏமாற்றிவிட்டதாகக் கோபப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடைக்காரர் பாவம், மீன் தன் குணத்தைக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மார்பிளின் மூலம் அமெரிக்கச் சிறையில் இருந்த ஒரு கைதி வளர்த்த மீன்கள் என்பது ஆர்வலர்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

கொளத்தூர் தண்ணீர்

தமிழ்நாட்டில் ஃபைட்டர் என்றால் கொளத்தூர். வடசென்னையின் ஓரத்தில் ரெட்டேரி, மாதவரம், புழல் என்று ஏரிகள் சூழ்ந்த பகுதி. கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் நாலு சிமென்ட் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்ப்பது குடும்பத் தொழிலாகப் பரவியது. அதற்கு முன் நல்ல மீன் என்றால் கல்கத்தாவில் இருந்து ரயில் பார்சலில் வர வேண்டும். கொளத்தூர் அந்த நிலையை மாற்றியது. கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கைராசி அமைந்தது. ஃபைட்டர், இடம் குறைந்தவர்களின் மீன். மொட்டை மாடியே போதும்.

அன்றைய வளர்ப்பில் எல்லாம் சுற்றுவட்டாரத்தில் கிடைத்ததுதான். பசுஞ்சாணமும் கடலைப் புண்ணாக்கும் ஊறவைத்துத் தொட்டியில் ஊற்றினால் சில நாளில் தண்ணீரில் நுண்பூச்சி பெருகும். குஞ்சுகளுக்கு அதுதான் தாய்ப்பால் காலம் முடிந்த பிறகான சோறு. அதற்கும் முந்தைய நாட்களுக்கு வாழைப்பழத் தோலை ஊறப்போட்டுக் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளை வளர்ப்பார்கள். பெரிய மீனுக்குச் சாக்கடைக் கால்வாய்களில் அலசி எடுத்த சிவப்புப் புழு. அதைத் தட்டில் பரப்பி, மேலே குழாயைச் சொட்டவிட்டு அழுக்கு போக வைத்திருப்பார்கள். தட்டில் ஒரே சிவப்புக் கொத்தாக நெளிந்துகொண்டிருக்கும். விரலால் தொட்டால் மொத்தமும் ஒரு கணம் சுருங்கி மறுபடி விரியும். வயிறு கெடுத்து மீனைக் கொல்வதும் அந்தப் புழுதான், சீக்கிரம் வளர்த்துக் கொடுப்பதும் அந்தப் புழுதான்.

நோய்க்கு மருந்து கல் உப்பு, மெத்திலீன் ப்ளூ. தண்ணீரைப் பக்குவப்படுத்த நாட்டுவாதுமையின் காய்ந்த இலை. தெருவோரம் விழுந்து கிடக்கும் அந்த இலையை ஊறப்போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அமிலத்தன்மை சற்றுக் கூடும், பூஞ்சை அடங்கும். இன்று அதே இலையைக் கழுவிக் காயவைத்து, பத்துப் பத்தாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு விலைக்கு விற்கிறார்கள். வாங்குபவரின் வீட்டு வாசலிலேயே அந்த மரம் நிற்கக்கூடும்.

இடம்தான் முதலில் மாறியது. கொளத்தூரில் மனை விலை ஏற ஏற, தொட்டி இருந்த கொல்லையில் மாடி வீடு எழுந்தது. பண்ணைகள் செங்குன்றம் தாண்டிப் பொன்னேரிப் பக்கம் நகர்ந்தன. கொளத்தூர் வளர்க்கும் ஊராக இருந்து விற்கும் ஊராக மாறியது. தண்ணீரும் பழைய தண்ணீர் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளம் தொட்டிகளுக்கு மேலே ஏறி ஓடியது. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. மீன் வளர்ப்பவருக்கு வெள்ளமும் வறட்சியும் ஒரே நாளில் வருமானத்தை அழிப்பவை. ஒன்றில் மீன் போகும், மற்றதில் தண்ணீர் போகும்.

சட்டமும் ஒருமுறை கதவைத் தட்டியது. 2017 மே மாதம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கான விதிகளை வெளியிட்டது. கடைகளுக்குப் பதிவு, கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கத் தடை, குறிப்பிட்ட இனங்களை விற்கத் தடை என்று பல அம்சங்கள். கொளத்தூர் கொதித்தது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. தொழிலைத் தெரியாமல் எழுதிய விதிகள் என்ற வியாபாரிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கிண்ணத்தைப் பற்றி அந்த விதிகள் சொன்னது தவறல்ல. மேலே வந்து காற்றை விழுங்கத் தெரிந்த மீன் என்பதற்காக, ஒரு டம்ளர் தண்ணீர் அதற்குப் போதும் என்று ஆகிவிடாது. மூச்சு காற்றில் இருந்து வரலாம், கழிவு தண்ணீரில்தான் கரைகிறது. சின்னப் பாத்திரத்தில் அம்மோனியா சீக்கிரம் ஏறும், துடுப்பு அழுகும்.

அட்டையை உருவினால்

கடைகளில் ஃபைட்டர் பாட்டில்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு பாட்டிலுக்கு நடுவே ஒரு துண்டு அட்டை. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருந்தால் நாள் முழுக்க முறைத்தே களைத்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வாடிக்கையாளர் வந்தால் கடைக்காரர் அட்டையை உருவுவார். மந்தமாகக் கிடந்த மீன் அப்படியே திரும்பும். முதலில் முதுகுத் துடுப்பு நிமிரும். பிறகு செவுள் மூடிகள் இரண்டும் முன்னோக்கி விரிந்து, அடியில் இருக்கும் கறுத்த சவ்வு தாடியாக வெளியே வரும். வால் விரியும். உடம்பு பக்கவாட்டில் வளைந்து, தன்னைவிடப் பெரியவனாகக் காட்டிக்கொண்டு கண்ணாடியை முட்டும். அட்டை திரும்ப இறங்கியதும் அரை நிமிடத்தில் அனைத்தும் அடங்கிவிடும்.

இந்தக் காட்சி அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பார்ப்பவர் கேட்பதுதான் வேறு. அன்று, "அண்ணா, நல்லா சண்ட போடுமா?" என்று பையன் கேட்பான். "எடுத்துட்டுப் போ தம்பி, தெருவுல ஒன் மீனு மேல ஒரு பய கை வைக்க முடியாது" என்பார் கடைக்காரர். அந்தப் பேச்சில் கொடுமை இருந்தது, மறுப்பதற்கில்லை. பையன்கள் இரண்டு பாட்டிலை ஒன்றாக்கினால் ஒரு மீன் கிழிந்துதான் வரும். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதை 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டமே குற்றமாக்கியிருந்தது என்பது அந்தத் தெருக்களுக்குத் தெரியாது. இன்றைய பையன் அப்படிக் கேட்பதில்லை. "அண்ணா, இது ஃபுல் ஹாஃப்மூனா? தாய் இம்போர்ட்டா, லோக்கலா?" என்கிறான். கையில் ஃபோன், விரிந்த வாலைப் படம் பிடித்துக்கொண்டே பேசுகிறான். லோக்கல் வெயில்டெயிலுக்கும் பாங்காக்கில் இருந்து வந்த சோடிக்கும் விலையில் எத்தனையோ மடங்கு வித்தியாசம்.

விற்பனையும் பாட்டில் வரிசையைத் தாண்டிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டு, பணம் வந்ததும் மீனைக் கவரில் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, இரவு ஆம்னி பஸ்ஸில் ஏற்றினால் காலையில் மதுரைக்கோ கோவைக்கோ போய்ச் சேர்கிறது. வழியில் செத்தால் என்ன செய்வது? அதற்கு டிஓஏ என்று ஒரு விதி. பெட்டியைப் பிரிப்பதை முதலில் இருந்து கடைசி வரை வெட்டாமல் வீடியோ எடுத்து அனுப்பினால் மாற்று மீன் கிடைக்கும். அன்று கடைக்காரரின் முகத்துக்கு நேரே நின்று சண்டை போட வேண்டிய விஷயம் இன்று ஒரு வீடியோவில் முடிகிறது.

அறிவும் இப்படித்தான் கைமாறியது. அன்று குஞ்சுகளை எப்படித் தேற்றுவது என்பதை ஒரு பண்ணைக்காரர் பக்கத்துப் பண்ணைக்காரருக்குச் சொல்ல மாட்டார். மருமகனுக்குச் சொன்னால் பெரிய விஷயம். இன்று தமிழிலேயே அதற்கு யூட்யூப் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆர்டீமியா முட்டை டப்பாவில் கிடைக்கிறது. உப்புத் தண்ணீரில் ஒரு நாள் காற்று விட்டால் குஞ்சுக்குத் தீனி தயார். சாக்கடைப் புழுவை விட்டு உலர் தீனிக்கும் உறைய வைத்த புழுவுக்கும் மாறியவர்கள் அதிகம். பெண்களும் கல்லூரி மாணவர்களும் வீட்டு மாடியில் வைத்து நடத்தும் சிறு பண்ணைகள் பெருகிவிட்டன. நல்லதென்று சொல்ல வேண்டிய மாற்றங்கள் இவை, சந்தேகமில்லை.

மாறாதது தகப்பன்

ஆனால் சோடி சேர்க்கும் தொட்டியைப் பார்த்தால் வருடம் எது என்று சொல்ல முடியாது. அகலமான பிளாஸ்டிக் டப்பில் ஒரு சாண் தண்ணீர், மிதக்கும் ஒரு வாதுமை இலை. ஆணை முதலில் விடுகிறார்கள். பெண்ணை, இருபுறமும் வெட்டிய தண்ணீர் பாட்டிலை நடுவில் நிறுத்தி அதற்குள் விடுகிறார்கள். ஒன்றை ஒன்று பார்க்கலாம், தொட முடியாது. ஆண் ஒருமுறை வந்து முறைத்துவிட்டு வேலையைத் தொடங்கும். மேலே போய்க் காற்றை வாங்கி, எச்சில் தோய்த்து, இலையின் அடியில் குமிழியாக விடும். ஒன்று, பத்து, நூறு. சில மணி நேரத்தில் உள்ளங்கை அகல நுரைக் கூடு. பெண்ணுக்குச் சம்மதம் என்றால் உடம்பில் செங்குத்தான வரிகள் தோன்றும், அடிவயிற்றில் வெள்ளைப் புள்ளி துருத்தும். அப்போது பாட்டிலைத் தூக்கிவிடலாம். அவசரப்பட்டுத் தூக்கினால் பெண்ணின் வால் கந்தலாகும்.

கூட்டின் அடியில் ஆண் தன் உடம்பைப் பெண்ணைச் சுற்றி வளைத்து அணைக்கும். இரண்டும் சில நொடி அசைவற்றுப் போகும். வெள்ளை மணிகளாக முட்டைகள் கீழே இறங்கும். முதலில் தெளிவது ஆண்தான். தலைகீழாகப் பாய்ந்து, தரையைத் தொடும் முன் ஒவ்வொரு முட்டையாக வாயில் வாங்கி, மேலே வந்து குமிழிக்குள் ஊதி வைக்கும். மறுபடி அணைப்பு, மறுபடி பாய்ச்சல். நூறில் இருந்து சில நூறு முட்டைகள் வரை சேரும். முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் அதை விரட்டிக் குதறும்.

அதற்குப் பிறகு தகப்பன் தூங்குவதில்லை என்றே சொல்லலாம். 28 டிகிரித் தண்ணீரில் ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரியும். பொரிந்தவை வால் கீழே தொங்க, தலை நுரையில் ஒட்டி நிற்கும். அவ்வப்போது ஒன்று நழுவி விழும். ஆண் பாய்ந்து வாயில் எடுத்து மறுபடி கூட்டில் வைக்கும். குமிழி உடைந்தால் புதுக் குமிழி. மூன்றாம் நான்காம் நாள் குஞ்சுகள் கிடையாக நீந்தத் தொடங்கியதும் அதன் வேலை முடிகிறது. வளர்ப்பவரின் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. முதல் இரண்டு வாரத்தில் தீனியின்றிச் சாகும் குஞ்சுகள் அன்றும் ஏராளம், இன்றும் ஏராளம். மூன்று வாரத்துக்கு மேல் லேபிரிந்த் உருவாகும் சமயத்தில், டப்பின் மேல் மூடி போட்டுச் சூடான ஈரக் காற்றைத் தக்கவைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் முறைக்க ஆரம்பித்ததும் தனித்தனிப் பாட்டில். அதில் எந்தக் காலமும் புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

ஆனால் இந்தத் தகப்பன் வேலையிலும் முந்தானை குறுக்கிடுகிறது. கனத்த வால் உள்ள ஆண் பெண்ணைச் சுற்றி வளைக்கத் திணறும். பலமுறை அணைத்தும் முட்டை கருக்கட்டாமல் போகும். விழும் முட்டைகளைப் பிடிக்கப் பாய்வதற்குள் தரையைத் தொட்டுவிடும். அதனால் அனுபவசாலிகள் சோடி சேர்க்கும்போது ஒரு தந்திரம் செய்கிறார்கள். நீளவால் ஆணுக்குப் பதில், அதே வம்சத்தில் வால் முழுமையாக வளராத இளைய ஆணை விடுகிறார்கள். கண்காட்சிக்கு அண்ணன், குடும்பத்துக்குத் தம்பி.

திரும்பி வரும் குட்டை வால்

தாய்லாந்தில் இப்போது இரண்டு எதிர்முனைகளும் ஒன்றாக நிற்கின்றன. 2016இல் அந்த நாட்டுக் கொடியின் நிறங்கள் கொண்ட ஒரு ஃபைட்டர் ஃபேஸ்புக் ஏலத்தில் 53,500 பாட்டுக்குப் போனது. 2019இல் அந்நாட்டு அமைச்சரவை ஃபைட்டரை தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. அதே சமயம், சொந்த வயல்களில் வாழும் காட்டு மீனை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. வயல்கள் வீட்டுமனையாகின்றன, பண்ணை மீன்கள் தப்பித்துப் போய்க் காட்டு மீனுடன் கலக்கின்றன. ஏலத்தில் ஏறும் இனம் வயலில் குறைகிறது.

இதற்கு நடுவே நம்பிக்கை தரும் மாற்றம் ஒன்றும் நடக்கிறது. குட்டை வால் மீன், பிளக்காட் என்ற பெயரில், மறுபடி விரும்பி வாங்கப்படுகிறது. பந்தயக்காரர்கள் வளர்த்த அதே உடல்வாகு, ஆனால் இவற்றை வாங்குவது சண்டைக்கு அல்ல. கண்காட்சிகளில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. சென்னைக் கடைகளிலும் ஹாஃப்மூன் வரிசைக்குப் பக்கத்தில் பிளக்காட் வரிசை வந்துவிட்டது. நிறம் அத்தனையும் இருக்கும், பாரம் இருக்காது. பயில்வானின் உடம்பு, சண்டை இல்லாத வாழ்க்கை, விசாலமான தொட்டி. அன்று இருந்த நல்லதையும் இன்று இருக்கும் நல்லதையும் சேர்த்தால் கிடைப்பது இந்த மீன்தான்.

எனவே ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அட்டையை உருவி விரிப்பைக் காட்டச் சொல்வதற்கு முன்னால், மீன் சும்மா இருக்கும்போது ஐந்து நிமிடம் பாருங்கள். மூச்சுக்கு மேலே வரும்போது ஒரே சுண்டில் வருகிறதா, உடம்பை நெளித்து நெளித்து ஏறுகிறதா? கண்கள் தெளிவாக இருக்கின்றனவா? வாலின் ஓரம் கடிபட்டிருக்கிறதா? பெரிய வாலுக்கு ஆசைப்பட்டே தீருவேன் என்பவர்கள், தண்ணீரின் ஆழத்தைக் குறைத்துத் தொட்டியின் அகலத்தைக் கூட்டுங்கள். மேற்பரப்பு பக்கத்தில் இருந்தால் மீனுக்குப் பாதி வேலை மிச்சம்.

பண்ணைக்காரர் யாரும் கெட்ட எண்ணத்தில் வாலை வளர்க்கவில்லை. கேட்டதை வளர்த்தார்கள். ஃபைட்டர் நாலைந்து மாதத்தில் அடுத்த தலைமுறைக்குத் தயாராகும் மீன். வாங்குபவரின் ரசனை ஒரே வருடத்தில் இரண்டு தலைமுறை உடம்பில் ஏறிவிடும். நாற்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு வாலை நீட்டியவர்கள் நாம். அதே வாயால் நீந்தத் தெரிந்த மீனைக் கேட்டால், பொன்னேரித் தொட்டிகளில் அது வந்து சேர அதிக நாளாகாது.